மென்பொருட் சோதனைப் படிமுறைகளை நிரலால் ஆக்குதல் – ஒரு விளக்கம்

புத்தளம் மாவட்டக் கரையோரத்து உப்பளங்களிற் களப்பு நீர் ஒரே பாத்தியில் உப்பாக மாறுவதில்லை. பாத்தி பாத்தியாக நகர்ந்து செறிவடைகையில், முதலிற் சுண்ணாம்புச் சேர்வையும் பின்னர் ஜிப்சமும் படிகின்றன. போமே அளவுமானி ஏறத்தாழ 25 பாகையைக் காட்டிய பின்னரே நீர் உப்புப் பாத்திக்குச் செல்கின்றது. ஒரு படியின் அளவு தேறாதவிடத்து அடுத்த மடை திறக்கப்படுவதில்லை.

மென்பொருள் ஆக்கத்தில் ‘தொடர் ஒருங்கிணைப்பு’ எனப்படும் முறையும் இத்தகையதே. நிரலாளர் பலர் செய்யும் மாற்றங்கள் அடிக்கடி ஒன்றிணைக்கப்படுகின்றன. ஒவ்வொரு மாற்றமும் தொகுத்தல், சோதித்தல், பொதிசெய்தல், வெளியிடல் ஆகிய படிகளைத் தானாகவே கடக்க வேண்டும். ஒன்றில் தவறினும் ஓட்டம் நின்றுவிடும். 1991இல் கிரேடி பூச் கையாண்ட இத்தொடர், கென்ட் பெக் முதலியோரால் 1990களின் பிற்பகுதியில் நடைமுறை ஒழுங்காக வளர்க்கப்பட்டது. இப்படிகளை வரையறுக்கும் அமைவுக் கோப்புகள் இன்று பெரும்பாலும் 2001இல் தோன்றிய ‘யாமல்’ வடிவில் எழுதப்படுகின்றன.

இடர்ப்பாடு இங்கேயே தொடங்குகின்றது. இருபது சேவைகளை நடத்தும் நிறுவனம் ஒன்றில் இருபது கோப்புகள் இருக்கும்; அவற்றுட் பெரும்பகுதி ஒன்றைப் பார்த்து ஒன்று படியெடுக்கப்பட்டதாகும். ஒரு விதி மாறின் இருபது இடங்களிலும் திருத்த வேண்டும். யாமலின் இயல்பும் சில வழுக்களுக்கு இடமளிக்கின்றது. பைதன் மொழியின் 3.10 ஆம் பதிப்பை மேற்கோட்குறியின்றி எழுதின், அது எண்ணாகக் கொள்ளப்பட்டு 3.1 எனச் சுருங்கிவிடும்.

இதற்கு மாற்றாக எழுந்ததே அமைவுக் கோப்பை நிரலால் ஆக்கும் முறை. நிரல் நூலகம் ஒன்று ஒவ்வொரு படியையும் ஒரு செயற்கூறாகத் தருகின்றது. பொதுவிதியை ஒருமுறை எழுதிச் சேவைகளின் பட்டியலைக் கொடுத்தால், இருபது கோப்புகளையும் அது ஆக்கித் தரும். 3.10 என்பதைச் சொல்லாகவே பெறுமாறு செயற்கூற்றை வரையறுத்துவிட்டால் மேற்கூறிய வழு எழாது.

இதனை ஒத்த முயற்சியொன்று இலங்கையிலேயே நிகழ்ந்துள்ளமை குறிப்பிடத்தக்கது. 2005இல் நிறுவப்பட்ட டபிள்யூ.எஸ்.ஓ.2 நிறுவனத்தில் சஞ்சீவ வீரவரண முதலானோர் உருவாக்கிய பாலரீனா நிரல்மொழி 2017இல் அறிவிக்கப்பட்டது. சேவை செவிமடுக்கும் வாயில் எண் முதலியவற்றை மூலநிரலிலிருந்தே அறிந்து, டொக்கர், குபர்நெட்டீஸ் ஆகியவற்றுக்கான கோப்புகளை அதன் தொகுப்பி ஆக்கிவிடுகின்றது. இது வெளியிடற் படியை மாத்திரமே சார்ந்ததாயினும் அடிப்படைத் தத்துவம் ஒன்றே.

ஆயினும், விதி ஓரிடத்தில் திரளும்போது அதனை விளங்கும் ஆற்றலும் சிலர் கையில் திரண்டுவிடக்கூடும் என்பதை நாம் மறத்தலாகாது. கோப்பை மேலோட்டமாகவேனும் பலர் வாசிக்கலாம். ஆக்கும் நிரலையோ அம்மொழி கற்றோரே வாசிப்பர். படியெடுக்கும் உழைப்பு நீங்குவது நன்றே. ஆனால் நள்ளிரவில் ஓட்டம் தடைப்படின் காரணத்தைத் தேடும் பொறுப்பு பெரும்பாலும் அந்நிரலை எழுதாதவர்மீதே விழுகின்றது.

ஆதலால் மூன்று ஒழுங்குகள் இன்றியமையாதன என்பது எமது கருத்தாகும். ஆக்கப்பட்ட கோப்பு மூலநிரலுடன் சேர்த்துப் பேணப்பட்டு, யாவரும் வாசிக்குமாறு இருத்தல் வேண்டும். அதனைக் கையால் திருத்துதல் தவிர்க்கப்பட வேண்டும். மீள ஆக்கிப் பார்த்து வேறுபாடு காணின் ஓட்டமே நிறுத்தப்படல் வேண்டும். சேவைகள் இரண்டு மூன்றே உள்ளவிடத்துக் கையால் எழுதிய கோப்பே போதும்.

கற்பிட்டியிலோ புத்தளத்திலோ தமிழ்மூலம் பயின்று இத்துறைக்கு வரும் மாணவர், நூலகத்தின் செயற்கூறுகளை மாத்திரம் மனனஞ் செய்தல் போதாது. அவை எழுதித் தரும் கோப்பையும் வரிவரியாக வாசிக்கப் பயிலவேண்டும். அவ்வாறு பயின்றோரே விதியைப் பின்பற்றுவோராக மட்டுமன்றி, அதனை மாற்றும் உரிமையுடையோராகவும் ஆவர்.