ஆறாம் வகுப்புக்கு எந்தப் பள்ளி? சேர்க்கும் முன் கவனிக்க வேண்டியவை



ஐந்தாம் வகுப்பு முடிக்கும் பிள்ளை உள்ள வீடுகளில் இப்போது இதுதான் பேச்சு. ஒருவர் மெட்ரிக் என்கிறார், ஒருவர் சி.பி.எஸ்.இ. என்கிறார், இன்னொருவர் வெளியூர் ஹாஸ்டலில் விடச் சொல்கிறார். பெயர்ப் பலகையை வைத்து முடிவெடுக்க வேண்டாம். பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான ஏழு ஆண்டுகளையும் சேர்த்து யோசியுங்கள்.

பாடத்திட்டம்

மெட்ரிக் பள்ளிக்குத் தனிப் பாடத்திட்டம் இருப்பதாகப் பலர் இன்னும் நினைக்கிறார்கள். சமச்சீர் கல்வி பற்றிய 2011ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு மெட்ரிக், அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளி எல்லாவற்றுக்கும் ஒரே பாடத்திட்டம், ஒரே பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு. மெட்ரிக்கில் நாம் கூடுதலாகக் கொடுக்கும் பணம் ஆங்கில வழிக்கும் கண்காணிப்புக்கும்தான். அவை உண்மையில் கிடைக்கின்றனவா என்று பாருங்கள்.

சி.பி.எஸ்.இ.யில் என்.சி.இ.ஆர்.டி. பாடத்திட்டம். நீட், ஜே.இ.இ. தேர்வுகளுக்கு அது நெருக்கமானது. தந்தை வளைகுடாவில் இருந்து, குடும்பமும் அங்கே போகக்கூடும் என்றால் படிப்பைத் தொடர்வது எளிது. ஆனால் தமிழ்நாட்டின் பொறியியல் கலந்தாய்வுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்தான் கணக்கு. அதற்கு எந்த வாரியமும் தடையல்ல.

அரசு உதவி பெறும் பள்ளிகளில் ஆசிரியர் சம்பளத்தை அரசு கொடுப்பதால் கட்டணச் சுமை குறைவு. இவற்றையும் பட்டியலில் வையுங்கள்.

தனியாருக்கு மாறினால் இழப்பது

6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 2020 முதலும், பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 2021 முதலும் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்கள் அரசுப் பள்ளியிலும், உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியிலும் படித்தவர்களுக்கானவை. ஆறாம் வகுப்பிலேயே சுயநிதிப் பள்ளிக்கு மாறினால் இந்தக் கதவுகள் பெரும்பாலும் மூடிவிடும். தெரிந்தே மாறுவது வேறு, தெரியாமல் இழப்பது வேறு.

பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கான 3.5 சதவீத ஒதுக்கீடு எந்தப் பள்ளியில் படித்தாலும் உண்டு. சாதிச் சான்றிதழை இப்போதே வாங்கி வையுங்கள்.

பணம்

ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையிலான குழு தனியார் பள்ளிகளுக்குக் கட்டணம் நிர்ணயிக்கிறது. உங்கள் பள்ளிக்கு எவ்வளவு என்று கேளுங்கள், கட்டிய பணத்துக்கு ரசீது வாங்குங்கள். வேன், புத்தகம், சீருடை, டியூஷன் எல்லாவற்றையும் கூட்டி ஏழால் பெருக்குங்கள். முதல் வருடம் நகையை அடகு வைத்தும், அடுத்த வருடம் வட்டிக்கு வாங்கியும் நடத்த வேண்டிய படிப்பு நமக்கு வேண்டாம். அது மார்க்கத்துக்கும் ஆகாது, குடும்பத்துக்கும் தாங்காது. நடுவில் கட்ட முடியாமல் பள்ளி மாறுவதில் பிள்ளையின் மனம்தான் உடைகிறது.

தூரமும் தீனும்

போளூரிலிருந்து திருவண்ணாமலை சுமார் 35 கிலோமீட்டர். தினமும் போய் வரும் பிள்ளைக்கு மக்தபுக்கும் வீட்டுப் பாடத்துக்கும் எவ்வளவு நேரம் மிஞ்சும்? பையன்களை ஜும்ஆவுக்கு அனுப்புவார்களா, பெண் பிள்ளைகள் தலையை மறைத்து வரலாமா, உர்தூ படிக்க வழி உண்டா என்று சேர்க்கும் முன்பே கேளுங்கள். ஹாஸ்டல் என்றால் தொழுகைக்கான இடம், ரமழானில் ஸஹர் ஏற்பாடு, சாப்பாடு ஹலாலா என்பதையும் விசாரியுங்கள்.

பெண் பிள்ளைகள்

உயர்நிலைப் பள்ளி பத்தாம் வகுப்போடு முடியும், மேல்நிலைப் பள்ளி பன்னிரண்டு வரை இருக்கும். பத்தோடு முடியும் பள்ளியில் சேர்த்துவிட்டு, பிறகு தூரத்தைக் காரணம் காட்டிப் பெண்ணின் படிப்பை நிறுத்துவது நம்மிடையே நடக்கிறது. மேல்நிலைப் பள்ளியாகவே பாருங்கள், அறிவியல் பிரிவு உண்டா என்றும் கேளுங்கள். மகனுக்குக் கட்டணப் பள்ளியும் மகளுக்கு மிச்சப் பணமும் என்பது நீதியாகாது.

இரண்டு மூன்று பள்ளிகளை வேலை நாளில் நேரில் போய்ப் பாருங்கள். அங்கே படிக்கும் பிள்ளைகளின் பெற்றோரிடமும் நம் ஜமாஅத் ஆசிரியர்களிடமும் மஷூரா செய்யுங்கள், இஸ்திகாரா தொழுங்கள். பிள்ளையின் விருப்பத்தையும் கேளுங்கள். ஏழு வருடம் அங்கே உட்காரப் போவது அவர்கள்தான். பிள்ளைகள் அல்லாஹ் நம்மிடம் தந்த அமானிதம். நல்ல முடிவுக்கு அவனே வழிகாட்டுவானாக, ஆமீன்.