எதிரிக்கு மூளை வளர்வதில்லை, கஜானாதான் நிறைகிறது
உன் முறை, என் முறை – 9

சிட் மெய்யரும் புரூஸ் ஷெல்லியும் 1991-இல் கொண்டுவந்த 'சிவிலைசேஷன்' ஆட்டத்தின் பிறப்பைச் சென்ற வாரம் பார்த்தோம். இந்த வாரம் அந்த வரிசையில் 2016-இல் வந்த ஆறாம் பாகத்தை எடுத்துக்கொள்வோம். ஆட்டத்துக்குள் நுழையுமுன் வரும் செட்டிங்ஸ் திரையைப் பலரும் அவசரமாகத் தாண்டிப் போய்விடுகிறார்கள். நாம் கட்டியாளும் அரசராக இருக்கப்போகிறோமா, படையெடுக்கும் அரசராக இருக்கப்போகிறோமா என்பது பெரும்பாலும் அந்தத் திரையிலேயே தீர்மானமாகிவிடுகிறது.

சலுகை யாருக்கு?

முதலில் கடினநிலை. 'செட்லர்' முதல் 'டீட்டி' வரை எட்டுப் படிகள் உண்டு. நான்காவது படியான 'பிரின்ஸ்'தான் நடுநிலை. அதற்குக் கீழே நமக்குச் சலுகை, மேலே கணினிக்குச் சலுகை. படி ஏற ஏறக் கணினி நுட்பமாக யோசிக்கும் என்றுதான் புதிதாக ஆட வருபவர்கள் நம்புகிறார்கள். உண்மையில் அதன் யோசனை பெரிதாக மாறுவதில்லை. மாறுவது அதன் கையிருப்பு. டீட்டியில் நாம் நகரம் அமைக்கும் குழு ஒன்றோடு தொடங்குகிறோம், எதிரி நாடு ஒவ்வொன்றும் மூன்றோடு தொடங்குகிறது. அவர்களுடைய ஒவ்வொரு படைக்கும் சண்டையில் 4 புள்ளி கூடுதல் வலிமை. உற்பத்தி, தங்கம், அறிவியல் ஆகியவற்றிலும் சதவீதக் கணக்கில் முன்னுரிமை. சதுரங்கத்தில் எதிராளிக்கு இன்னொரு ராணியைக் கொடுத்துவிட்டு ஆடுவதற்கு ஒப்பானது இது. எதிராளி முன்பு ஆடியதைப் போலத்தான் ஆடுகிறார், காய்கள்தான் கூடியிருக்கின்றன.

இந்தச் சலுகை நம் ஆட்டமுறையை எப்படி வளைக்கிறது என்பதுதான் முக்கியம். ஸ்டோன்ஹெஞ்ச் போன்ற தொடக்ககால அதிசயங்களை டீட்டியில் முந்திக் கட்டுவது மிகக் கடினம். ஒரு ஆட்டத்தில் இத்தனை மதங்கள்தான் தோன்றலாம் என்று வரம்பு இருப்பதால் மதம் நிறுவும் போட்டியிலும் பின்தங்கிவிடுவோம். மிஞ்சுவது கணினியின் பலவீனங்களைக் குறிவைக்கும் ஆட்டம். அதற்குப் படையை வரிசைப்படுத்தத் தெரியாது, மதில் சூழ்ந்த நகரத்தைப் பிடிக்கத் தடுமாறும், நம்மிடம் மிச்சமிருக்கும் ஆடம்பரப் பொருளுக்குத் தங்கத்தை அள்ளிக் கொடுக்கும். டீட்டியில் தொடர்ந்து வெல்பவர்கள் இவற்றை விரல்நுனியில் வைத்திருக்கிறார்கள். அந்தத் திறமையை நான் மதிக்கிறேன். ஆனால் அங்கே நாடாளும் வழிகள் பத்திலிருந்து இரண்டாகச் சுருங்கிவிடுகின்றன என்பதையும் சொல்லியாக வேண்டும்.

படியின் பெயரை மட்டும் நம்பக்கூடாது என்பதற்கு வரலாற்றிலேயே ஒரு சான்று உண்டு. ஜூலியன் கோலப் தன் சகோதரர் நிக்குடன் சேர்ந்து உருவாக்கிய 'யுஎஃப்ஓ: எனிமி அன்நோன்' 1994-இல் வந்தது. அதில் ஒரு நிரல்பிழை இருந்தது. ஆடுபவர் எந்தக் கடினநிலையைத் தேர்ந்தெடுத்தாலும் ஆட்டம் சீக்கிரமே சத்தமில்லாமல் தொடக்க நிலைக்கு இறங்கிவிடும். பிழையை அறியாத தேர்ந்த ஆட்டக்காரர்கள் ஆட்டம் எளிதாக இருக்கிறது என்று குறைசொன்னார்கள். மறு ஆண்டு வந்த 'டெரர் ஃப்ரம் த டீப்' கடினத்தைக் கூட்டிக்கொண்டு வந்தது. அதன் கொடுமையை இன்றும் ஆட்டக்காரர்கள் பேசுகிறார்கள்.

குதிரையின் நடை மாறாது

அடுத்தது வேகம். ஆறாம் பாகத்தில் 'ஸ்டாண்டர்ட்' ஆட்டம் 500 முறைகள், 'ஆன்லைன்' 250, 'மாரத்தான்' 1,500. ஆற அமர ரசித்து ஆடுவதற்காகத்தான் மாரத்தான் என்று பலர் அதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆனால் அது போர்வீரர்களின் வேகம். ஒரு படையைத் திரட்டவும் புதிய தொழில்நுட்பத்தைக் கற்கவும் அங்கே ஏறக்குறைய மூன்று மடங்கு முறைகள் பிடிக்கும். குதிரைப்படை ஒரு முறையில் நகரும் தூரமோ எல்லா வேகத்திலும் ஒன்றுதான். ஆன்லைன் வேகத்தில் வாள்வீரர்களைத் திரட்டி எதிரி எல்லைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள், எதிரி அடுத்த யுகத்து ஆயுதத்தோடு நிற்பான். மாரத்தானில் அதே படை நெடுங்காலம் பழையதாகாமல் இருக்கும், இரண்டு மூன்று தலைநகரங்களைக் கூடப் பிடித்துவிடலாம். நூலகமும் அரங்கமும் கட்டி அமைதியாக வெல்ல விரும்புகிறவருக்கு வேகமான ஆட்டமே பாதுகாப்பு.

வரைபடமும் இப்படித்தான் ஒரு பக்கம் சாய்கிறது. ஆதிக்க வெற்றிக்கு எல்லா எதிரிகளின் பூர்வீகத் தலைநகரங்களும் நம் கைக்கு வரவேண்டும். 'பாஞ்சியா' வரைபடத்தில் நிலம் முழுவதும் ஒன்றாகக் கிடப்பதால் நடந்தே போய்விடலாம். தீவுக்கூட்டங்களில் கப்பற்படை வேண்டும். கடல் தாண்டிப் படையிறக்குவதில் கணினி திறமையற்றது, அதனால் தீவில் இருப்பவருக்குப் பயமில்லாத அமைதி கிடைக்கிறது. அதே டீட்டி, பாஞ்சியாவில் ஒரு கடினம், தீவில் வேறொரு கடினம். படியைச் சொல்லி வரைபடத்தைச் சொல்லாதவர் பாதி உண்மையைத்தான் சொல்கிறார்.

விதிகளே நம்மை ஒரு பாணிக்குத் தள்ளுவதும் உண்டு. 2010-இல் வந்த ஐந்தாம் பாகத்தில் நகரங்கள் கூடக்கூட மக்களின் மகிழ்ச்சி குறையும். பின்னர் வந்த மாற்றத்தில், ஒவ்வொரு புதிய நகரமும் தொழில்நுட்பம் கற்கும் செலவையும் ஏற்றியது. அதனால் நான்கே நகரங்களை வளமாக வளர்ப்பது வழக்கமானது. ஆறாம் பாகம் அந்தப் பழக்கத்தை உடைத்தது. அங்கே எத்தனை நகரங்களைப் பரப்புகிறோமோ அத்தனை நல்லது. ஐந்தாம் பாகத்தில் பழகியவர் நான்கு நகரங்களோடு நின்றுவிட்டால், கடினநிலை குறைவாக இருந்தாலும் திணறுவார்.

உங்களுக்கான படி எது?

ஒரு படியில் வெற்றி கிடைத்ததும் அடுத்த படிக்கு ஏறுவதுதான் முன்னேற்றம் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. நான் அதை ஏற்கவில்லை. ஒரு படியில் போரால் வென்றவர் அதே படியில் பண்பாட்டால் வெல்லட்டும், பிறகு அறிவியலால். பாஞ்சியாவில் வென்றவர் தீவுகளில் ஆடட்டும். எல்லா வழிகளும் கைவந்த பிறகு படி ஏறலாம். தோற்கும் சாத்தியமும் இருக்கவேண்டும், ஒன்றுக்கு மேற்பட்ட வழிகளில் வெல்லும் சாத்தியமும் இருக்கவேண்டும். அந்த இரண்டும் கூடுகிற படிதான் நமக்கு உரியது. எனக்கு அது டீட்டிக்கு இரண்டு படி கீழே இருக்கும் 'எம்பரர்', நிலவமைப்பு முன்கூட்டியே தெரியாத 'ஷஃபிள்' வரைபடம், ஸ்டாண்டர்ட் வேகம். மதத்துக்கு முயலவும் அதிசயம் கட்டவும் அங்கே இடமிருக்கிறது, அலட்சியமாக இருந்தால் பக்கத்து நாடு எல்லைக்குள் வந்து நிற்கும்.

கடைசியாக ஒரு செட்டிங், அதைத் திரையில் காண முடியாது: சேவ் கோப்பு. போரில் தோற்றதும் பழைய சேவை லோடு செய்பவருக்கு எந்தப் படியும் கடினமில்லை. 2012-இல் வந்த 'எக்ஸ்காம்: எனிமி அன்நோன்' இதற்காகவே 'அயர்ன்மேன்' என்ற தேர்வைத் தந்தது. அதில் ஒரே சேவ்தான். நடந்தது நடந்ததுதான். சிவிலைசேஷனில் அந்தக் கட்டுப்பாட்டை நாமே விதித்துக்கொள்ள வேண்டும். ஒரே ஒரு ஆட்டம் அப்படி ஆடிப்பாருங்கள். எல்லையில் காவல் படையை நிறுத்துவதா, இன்னொரு களஞ்சியம் கட்டுவதா என்ற சிறு முடிவுக்குக்கூட எவ்வளவு எடை கூடுகிறது என்பது புரியும்.

இறந்த வீரன் இறந்தவன்தான் என்று 1990 முதல் பிடிவாதமாக இருந்த ஜப்பானிய ஆட்டம் ஒன்று, இருபது ஆண்டுகள் கழித்து அந்த விதியை ஏன் தளர்த்தியது? 'ஃபயர் எம்பளம்' பற்றி அடுத்த வாரம்.

(தொடரும்)