கைப்பக்குவமும் அரங்கத் தேர்வும்

சமைத்தலைப் பிழைப்புத் தொழிலாகக் கொள்ளாது இல்லத்தளவில் பயின்றோர், தொலைக்காட்சி அரங்கில் ஒருவரோடொருவர் போட்டியிடும் வழக்கம் அண்மைக் காலத்தது. 1990-இல் இங்கிலாந்தின் பி.பி.சி. நிறுவனம் ‘மாஸ்டர்செஃப்’ என்னும் பெயரால் இத்தகைய போட்டி ஒன்றைத் தொடங்கிற்று. அது 2010-இல் இந்தியிலும், 2021 ஆகஸ்டுத் திங்களில் சன் தொலைக்காட்சி வாயிலாகத் தமிழிலும் வந்தது. நடிகர் விஜய் சேதுபதி தொகுத்து வழங்கிய அப்போட்டியில் தேவகி விஜயராமன் வெற்றி பெற்றார். இத்தகைய அரங்கில் ஏறுங்கால் வீட்டுச் சமையலறிவு என்ன மாற்றம் எய்துகின்றது என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

இல்லத்துச் சமையலுக்கும் நடுவர் உண்டு. குறுந்தொகையின் 167-ஆம் பாட்டில், கூடலூர் கிழார் அத்தகைய தேர்வொன்றைக் காட்டுகின்றார். புதுமணப்பெண் முற்றிய தயிரைக் கையால் பிசைந்து, தாளிப்பின் புகை கண்ணில் படியத் தானே அட்ட புளிக்குழம்பைக் கணவன் இனிதென உண்கின்றான். அவள் முகம் நுண்ணிதின் மலர்கின்றது. ஒரு சொல்லே தீர்ப்பு. விளக்கம் கேட்பாரும் இல்லை, கூறுவாரும் இல்லை. தொலைக்காட்சி அரங்கிலோ முன்பின் அறியாதார் சுவைக்கின்றனர். சமைத்தோர் தம் செய்முறையைச் சொல்லால் விளக்குதல் வேண்டும். நாவுக்கு முன்னே செவியை நிறைவிக்கும் கடமை சமைப்போருக்குப் புதிதாக வந்து சேர்ந்தது.

இக்கடமைக்குத் தமிழ்ச் சமையல்மொழி எத்துணை ஏற்றது? நம் அடுக்களைச் சொற்களை நோக்கின், அவை பெரும்பாலும் கடிகாரத்தையோ நிறைகோலையோ சாராமை புலனாகும். ‘கம்பிப் பதம்’ விரலால் அறிவது. ‘பச்சை வாசனை போதல்’ மூக்கால் அறிவது. ‘எண்ணெய் பிரிதல்’ கண்ணால் அறிவது. கடுகு வெடித்தலோ செவிக்கு உரியது. ‘கைப்பிடி’, ‘சிட்டிகை’ என்பனவும் செய்வாரின் கையையே அளவாகக் கொண்டவை. உடனிருந்து கற்பார்க்கு இவற்றினும் திட்பமான சொற்கள் இல்லை எனலாம். அருகிருந்து பழகாதவர்க்கு இவை பாதிப் பொருளே தரும்.

கால வரையறையே வீட்டுச் சமையலுக்கு முற்றும் அயலானது என்பாரும் உளர். அக்கருத்துப் பொருந்தாது. திருப்பூர்ப் பனியன் தொழிலில் ‘ஒன்றரை ஷிப்டு’ என்னும் தொடர் வழங்குகின்றது. எட்டு மணி நேர வேலையோடு மேலும் பாதி சேர்வது அது. வைகறையில் அடுப்பு மூட்டி, காலை வேலை தொடங்குமுன் தூக்குப்போசி நிறைத்துப் புறப்படும் பெண்ணுக்குக் கடிகாரத்தின் கொடுமையை எந்த அரங்கும் கற்பிக்க வேண்டியதில்லை.

கொங்கு நாட்டு ‘அரிசியும் பருப்புஞ் சாதம்’ இத்தகைய இல்லங்களுக்கு ஏற்ற உணவு. அரிசி, துவரம்பருப்பு, சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம், மிளகு, மஞ்சள் ஆகியன ஒரே கலத்தில் வேகின்றன. இறக்கியபின் நெய் சேரும். எளிமை தோற்றத்தளவில்தான். அரிசி பழையதாயின் நீர் மிகுத்தல் வேண்டும். புதியதாயின் குறைத்தல் வேண்டும். தவறின் சோறு விதைவிதையாக நிற்கும், அன்றிக் களியாகும். அரிசியைக் கையில் அள்ளியவுடன் இதனை அறிவதே கைப்பக்குவம். நேற்றுப்போலவே இன்றும் அமைதல் இவ்வுணவின் சிறப்பு. போட்டியோ புதுமையையும், தட்டில் அடுக்கும் அழகையும் வேண்டுகின்றது. நாள்தோறும் பிழையாது சமைக்கும் திறத்தை ஒருநாள் தேர்வால் அளத்தல் அரிது. இது போட்டியின் பெருங்குறை என்பது எம் கருத்து.

எனினும் எளிய உணவு அரங்கேறவே இயலாது என்று துணிதற்கில்லை. 2021-இல் ஆஸ்திரேலிய மாஸ்டர்செஃப் போட்டியின் இறுதிச் சுற்றில், வங்காள மரபினராகிய கிஷ்வர் சௌத்ரி ‘பாந்தா பாத்’ என்னும் நீர்ச்சோற்றை, உருளைக்கிழங்கு மசியலோடும் மத்திமீனோடும் படைத்தார். நம் பழைய சோற்றின் உடன்பிறப்பு அது. ஆங்கிலத்தில் ‘புகையூட்டிய சோற்றுநீர்’ எனப் பொருள்படும் பெயரிட்டு, தம் மக்களின் உணவு இஃதென அறிவித்தார், மூன்றாமிடம் பெற்றார். உண்பதற்குமுன் அதன் வரலாற்றை நடுவர் கேட்டறிந்தமை கருதத்தக்கது. பெயரும் விளக்கமும் இன்றி வைத்திருப்பின், நீரில் ஊறிய சோறாகவே அது அவர்க்குத் தோன்றியிருக்கும்.

கொங்குப் பெண்ணொருத்தி அரிசியும் பருப்புஞ் சாதத்தோடு அரங்கேறின், ‘நீர் எவ்வளவு?’ என்னும் வினாவிற்கு ‘அரிசியைப் பார்த்து’ என்றே விடை கூறுவாள். அவ்விடையில் குறைவேதும் இல்லை. அதன் பொருளை விரித்துரைக்கும் சமையற் சொல்லகராதிதான் வட்டாரந்தோறும் தொகுக்கப்பட வேண்டும்.