தாத்தாவோட ஈர வேட்டி எங்கே போச்சு?

எங்க தாத்தா சங்கரன்கோவில்ல தறி ஓட்டினவர். சின்ன வயசுல பார்த்த ஆடித்தபசு திருவிழாவைப் பற்றி ஒரு நோட்டுல எழுதி, அதை டிடிபி கடையில கொடுத்து டைப் பண்ணி வாங்கி வச்சிருந்தார். இப்போ அவர் இல்லை. நோட்டும் கரையான் அரிச்சுப் போச்சு. மிச்சம் இருந்தது ஒரு சிடி மட்டும்தான்.

போன லீவுல ஆச்சி, "எய்யா, அதை எல்லாரும் படிக்கிற மாதிரி நெட்ல போட்டுக் குடேன்"னு கேட்டாங்க. ரெண்டு மணி நேர வேலைன்னு உட்கார்ந்தேன். ரெண்டு வாரம் ஆச்சு. ஒவ்வொரு நாளும் எங்கே மாட்டினேன்னு சொன்னா, வெப் பேஜுக்குள்ள எழுத்து எப்படி வேலை செய்யுதுன்னு உங்களுக்கும் புரிஞ்சிடும்.

1. காணாமல் போன வரி

சிடியில இருந்த ஃபைல் பாமினி ஃபான்ட்ல டைப் பண்ணினது. அந்தக் காலத்துல ஒரு எழுத்துக்கு ஒரு பைட்தான், அதாவது மொத்தம் 256 இடம். தமிழ் எழுத்து மட்டுமே 247. ஆங்கிலத்தையும் சேர்த்தா இடம் பத்தாது. அதனால ஒவ்வொரு ஃபான்ட்காரரும் தன் வசதிக்கு ஒரு வரிசை வச்சுக்கிட்டாங்க. பாமினில 'தமிழ்'னு அடிச்சா கம்ப்யூட்டர் சேமிக்கிறது ஜே, கே, பி, ஓ, கடைசியா ஒரு அரைப்புள்ளி. ஃபான்ட்தான் அதுக்குத் தமிழ் வேஷம் கட்டுது. இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் 1999-ல தமிழ்நாடு அரசு டேம், டேப்னு ரெண்டு பொதுத் தரத்தை அறிவிச்சது.

நான் அந்த ஃபைலை அப்படியே பேஜுல ஒட்டி, பாமினி ஃபான்ட்டையும் இணைச்சேன். தமிழ் தெரிஞ்சது. ஆனா "ஈர வேட்டியோட ரத வீதிக்கு ஓடினேன்," என்ற துண்டைக் காணோம். அதுக்குப் பிறகு வந்த எல்லா வரிக்கும் அடிக்கோடு!

காரணம் இதுதான். பாமினில 'ஈ' என்பது < குறி. 'ர' என்பது ஆங்கில யூ. ரெண்டும் சேர்ந்து "ஈர"ன்னு வந்தா, பிரவுசருக்கு அது அடிக்கோடு போடச் சொல்லும் டேக். பாமினில கமா என்பது > குறி. ஆக 'ஈர'ல திறந்த டேக் அடுத்த கமாவுல மூடுது. நடுவுல இருந்த வேட்டியும் ரத வீதியும் டேக்குக்குள்ள மாட்டிக்கிச்சு.

இதுக்கு மருந்து எஸ்கேப் பண்றது. < குறியை &#60; என்றும், & குறியை &#38; என்றும் எழுதணும். பிரவுசர் அதைத் திரும்பக் குறியாக் காட்டும், டேக்னு நினைக்காது. முதல்ல & குறியை மாத்திட்டுத்தான் மத்ததை மாத்தணும். இல்லைன்னா &#60; என்பதில் உள்ள & குறியும் இன்னொரு தடவை மாறி, திரையில &#60; என்றே தெரியும். யாரோ டைப் பண்றதை எஸ்கேப் பண்ணாம பேஜுல காட்டினா, அவங்க அதுல ஸ்கிரிப்டையே ஓட்டிடலாம். அடிக்கோடாவது பரவாயில்லை!

2. கோமதி எங்கே?

வேட்டி கிடைச்சது. ஆனா உள்ளே இருப்பது இன்னும் ஆங்கில எழுத்துதான். தேட முடியாது, போன் வாசிச்சுக் காட்டாது. அதனால யூனிகோடுக்கு மாத்தினேன். யூனிகோடுல ஒவ்வொரு குறிக்கும் உலகம் முழுக்க ஒரே எண். தமிழுக்கு 2944 முதல் 3071 வரை 128 இடம். 'க' என்றால் 2965.

பாமினில கண்ணுக்குத் தெரியும் வரிசையில அடிக்கணும். 'கோ' என்றால் முதல்ல கொம்பு, அப்புறம் க, அப்புறம் கால். யூனிகோடுல க-தான் முதல்ல. நான் கொம்பைத் தூக்கி க-வுக்குப் பின்னாடி வச்சேன். திரையில 'கோ' அழகா வந்தது. ஆனா நான் எழுதின தேடல் பெட்டியில 'கோமதி'ன்னு போட்டா பூஜ்யம். கோமதி அம்மன் இல்லாத ஆடித்தபசா?

என் கன்வர்ட்டர் கொடுத்தது 2965, 3015, 3006: க, கொம்பு, கால்னு மூணு எண். என் கீபோர்டு கொடுத்தது 2965, 3019: க-வோட ஓகாரக் குறி ஒரே எண்ணா. கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணு, புரோகிராமுக்கு வேற வேற. யூனிகோடு விதிப்படி ரெண்டும் சமம்தான். ஆனா ஒப்பிடும் முன்னாடி ரெண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டு வரணும். அதுக்குப் பேர் நார்மலைசேஷன். ஜாவாஸ்கிரிப்ட்டுல ஒரே ஒரு ஃபங்ஷன் போதும். போட்டதும் அம்மன் வந்துட்டாள்.

3. தலையில் கோடு போட்ட 'ஏ'

சர்வர்ல ஏத்தினதும் பக்கம் முழுக்கக் குப்பை. ஒவ்வொரு 'க' இருந்த இடத்திலயும் தலைக்கு மேல சாய்ந்த கோடு போட்ட ஆங்கில ஏ, வட்டத்துக்குள்ள ஒரு ஆர், பெரிய புள்ளி ஒண்ணு.

2965 ஒரு பைட்டுக்குள்ள அடங்காது. 1992-ல கென் தாம்ப்சனும் ராப் பைக்கும் உருவாக்கின யூடிஎஃப்-8 முறை அதை 224, 174, 149 என்று மூணு பைட்டா எழுதும். அதை யூடிஎஃப்-8-னு சொல்லாம விட்டா, பிரவுசர் பழைய விண்டோஸ் அட்டவணையை எடுத்து ஒரு பைட்டுக்கு ஒரு எழுத்துன்னு படிக்கலாம். அந்த அட்டவணையில 224, 174, 149 என்பதுதான் மேலே சொன்ன மூணு குறி. தீர்வு ஒரே வரி: பேஜோட தலைப்பகுதியில, முதல் 1024 பைட்டுக்குள்ள, சார்செட் யூடிஎஃப்-8 என்று சொல்லிடணும்.

இன்னொண்ணு. 'சங்கரன்கோவில்' நம்ம கணக்குல 8 எழுத்து, யூனிகோடுல 13 எண், யூடிஎஃப்-8-ல 39 பைட். ஊர்ப் பேருக்கு 30 பைட் போதும்னு டேட்டாபேஸ்ல வச்சா, நம்ம ஊருக்கு வாலே இருக்காது. புராஜெக்ட் பண்றவங்க இதை ஞாபகம் வச்சுக்கோங்க.

பக்கம் சரியானதும் ஆச்சிக்குக் கண்ணு சரியாத் தெரியாதேன்னு, போனை வாசிக்கச் சொல்லிப் பக்கத்துல வச்சேன். ஈர வேட்டி, ரத வீதி, கோமதி அம்மன் சப்பரம் எல்லாம் வரிசையா வந்தது. ஆச்சி முழுசாக் கேட்டுட்டு, "தாத்தா இவ்வளவு வேகமாப் பேச மாட்டாங்கய்யா"ன்னாங்க. வேகத்தைக் குறைச்சு இன்னொரு தடவை ஓட விட்டேன்.

உங்க வீட்டிலயும் பழைய ஃபான்ட்ல டைப் பண்ணின சிடி, பென்டிரைவ் இருக்கும். அது திறக்கும்போதே மாத்தி வச்சிடுங்க.