பாதியில் நின்ற லிஃப்ட்!

‘‘தம்பி... லெஃப்ட் ஷோல்டரைக் கொஞ்சம் இறக்குங்க!’’

மேற்கு மாம்பலத்துல எந்த ஸ்டுடியோவுல பாஸ்போர்ட் போட்டோவுக்கு உட்கார்ந்தாலும் இந்த டயலாக் கேட்கும். நாமளும் இறக்கிடுவோம். ஆனா, இறக்கவே முடியாத தோளோட ஒருத்தர் உங்க கிளாஸ்லயே இருக்கலாம் பாஸ்! ‘பையை ஒரே பக்கம் மாட்டுற, அதான்’ என்று வீட்டில் தினமும் திட்டு வேறு. பாவம், பை நிரபராதி!

கருவில் நம் தோள்பட்டை எலும்பு முதலில் உருவாவது கழுத்துக்குப் பக்கத்தில். மூன்றாம் மாதம் முடிவதற்குள் லிஃப்ட் மாதிரி மெள்ள இறங்கி முதுகுக்கு வந்துவிட வேண்டும். சிலருக்கு அது நடுவழியிலேயே நின்றுவிடுகிறது. இதுதான் ‘ஸ்ப்ரெங்கல் குறைபாடு’. 1891-ல் இதைப் பற்றி எழுதிய ஜெர்மன் சர்ஜனின் பெயர் அது. அம்மா கிரகணத்தன்று வெளியே போனதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை!

வெறும் அழகு மேட்டர்னா விட்டுடலாம். நம்ம இன்ஜினீயரிங் பார்ட்டிகளுக்காக ஒரு கணக்கு... கையை 180 டிகிரி தூக்கினால், சுமார் 120 தோள் மூட்டோட உபயம். மீதி 60, அந்த எலும்பு சுழல்வதால் கிடைப்பது. அது சுழலாட்டி, எலெக்ட்ரிக் ட்ரெயின்ல தொங்குற கைப்பிடியைப் பிடிக்கிறதே கஷ்டம். மூன்றில் ஒருவருக்கு அந்த எலும்பைக் கழுத்தோடு கட்டிப்போடும் எக்ஸ்ட்ரா எலும்பும் இருக்கும்.

எக்ஸ்ரேயிலேயே பெரும்பாலும் தெரிந்துவிடும். முதுகு வளைவு, ஒட்டிப்போன கழுத்து எலும்புகள் எல்லாம் கூட்டணியாக வரலாம் என்பதால் டாக்டர் அதையும் பார்ப்பார்.

லேசான கேஸுக்கு ஆபரேஷன் வேண்டாம். கை தூக்கவே சிரமம் என்றால், பொதுவாக 3 முதல் 8 வயதுக்குள் செய்துவிடுகிறார்கள். தசைகளை முதுகுத்தண்டிலிருந்து பிரித்து, கீழே தள்ளித் தைத்தால் எலும்பும் கூடவே இறங்கும். 1961-ல் உட்வர்ட் சொன்ன டெக்னிக்! வயசு ஏற ஏற, இறக்கும்போது கைக்குப் போகும் நரம்புகள் நசுங்கும் ஆபத்து கூடுகிறது. அதனால 20 வயசுல போய் ‘இறக்கிடுங்க சார்’னா டாக்டர் ரொம்பவே யோசிப்பார். துருத்தி நிற்கும் மூலையைச் செதுக்கலாம், பிசியோதெரபி செய்யலாம். அவ்வளவுதான்.

ஸோ, அக்கா குழந்தைக்குச் சட்டை மாட்டிவிடும்போது ரெண்டு கையும் ஒரே உயரத்துக்குப் போகுதானு பாருங்க. டவுட்னா, மாம்பலத்தில் பீச் ட்ரெயின் ஏறுங்க. நாலாவது ஸ்டேஷன் எழும்பூர், அங்கே அரசு குழந்தைகள் மருத்துவமனை. டவுட் உங்க தோள் மேலேயே என்றால், அடுத்த ஸ்டேஷன் பார்க். பக்கத்திலேயே ஜி.ஹெச்., காலையிலேயே போய் எலும்பு ஓ.பி.க்குச் சீட்டு வாங்கிடுங்க.