பிடிக்கவும் விடவும் தெரிந்த கை

முன்னாளில் மன்னார்க் கடலில் முத்துக் குளிக்கச் சென்றவர்கள், தம்மை மேலே இழுக்கும் கயிற்றை யாரிடம் ஒப்படைத்தனர் தெரியுமா? மனைவியின் உடன்பிறந்தானிடம் என்று நம் பெரியோர் சொல்வதுண்டு. தன் சகோதரி தாலி இழப்பதை எந்தச் சகோதரன்தான் பொறுப்பான்? ஆகவே, கயிறு பிடிக்கும் தோணியில் மைத்துனன் கண்ணயர மாட்டான் என்பது அவர்களின் நம்பிக்கை.

இன்று ஸ்கூபா முறையிலே மூழ்கும் சுழியோடிக்கு அந்தக் கயிறு இல்லை. முதுகிலே காற்று நிறைந்த சிலிண்டரைச் சுமந்துகொண்டு மீனைப்போல் விரும்பிய திசையெல்லாம் திரிகிறான். இந்தச் சுதந்திரத்துக்கு ஒரு விலையுண்டு. அவன் எங்கே இருக்கிறான் என்பது படகில் இருப்பவனுக்குத் தெரியாது.

நமது மட்டக்களப்புக் கடலையே எடுத்துக்கொள்வோம். 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் திகதி யப்பானிய விமானங்களின் குண்டுகளுக்கு இரையான ‘ஹேர்மிஸ்’ என்னும் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல், அங்கே கரைக்கப்பால் ஐம்பது மீற்றருக்கும் மேற்பட்ட ஆழத்திலே கிடக்கிறது. தேர்ச்சி பெற்ற சுழியோடிகள் அதனைக் காண வருகின்றனர். திறந்த கடலாகையால் அங்கே நீரோட்டத்துக்கு எவ்விதத் தடையுமில்லை. மேலே வரும் வழியில் இடையிடையே தரித்து நிற்கவேண்டிய அவர்களை, நீரோட்டம் தன் போக்கிலே கொண்டுசெல்லக்கூடும்.

மாணவர்கள் இதனைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒரு கடல் மைல் 1,852 மீற்றர். மணிக்கு ஒரு கடல் மைல் வேகத்திலே செல்லும் நீரோட்டம் நமக்கு மெதுவானதாகத் தோன்றும். ஆயினும் அரை மணி நேரத்தில் அது ஒருவனைத் தொள்ளாயிரம் மீற்றருக்கும் அப்பால் கொண்டுபோய்விடும். நீர்மட்டத்துக்கு மேலே அவனுடைய தலை மாத்திரமே தெரியும். ஒரு முழ உயர அலை எழுந்தாலும் அதுவும் மறைந்துவிடும். தேங்காய் ஒன்று மிதப்பதற்கும் மனிதத் தலை மிதப்பதற்கும் தொலைவிலிருந்து பார்ப்பவனுக்கு வேற்றுமை தோன்றாது.

இஃது வெறுங் கற்பனையன்று. 2022ஆம் ஆண்டு ஏப்ரலில் மலேசியாவின் மெர்சிங் கரைக்கப்பால் மூழ்கிய நால்வர் மேலே வந்தபோது தம் படகைக் காணவில்லை. நீரோட்டம் அவர்களை இழுத்துச் சென்றது. ஒருவர் மறுநாளும் இருவர் நாலாம் நாளும் மீட்கப்பட்டனர். நாலாமவனாகிய பதின்ம வயதுச் சிறுவன் மீளவில்லை. கடலிலே பிறர் கண்ணுக்குத் தெரிவது எவ்வளவு பெரிய பேறு என்பதை இத்தகைய துயரங்கள் உணர்த்துகின்றன.

அவ்வாறு தெரிவதற்கென்றே சுழியோடிகள் அடையாள மிதவையைக் கொண்டுசெல்கின்றனர். இது செம்மஞ்சள் அல்லது சிவப்பு நிறமான நீண்ட பை. வேண்டாதபோது சுருட்டி இடுப்பிலே மாட்டிக்கொள்ளலாம். வேண்டும்போது நீருக்கடியிலேயே சிறிது காற்றை ஊட்டி, உருளையிலே சுற்றிய கயிற்றோடு மேலே விடுவார்கள். அது அலைமேல் கம்பம்போல் நிமிர்ந்து நின்று, “இதன் கீழே மனிதர் வருகின்றனர், படகுகளே, விலகுங்கள், எம் படகே, அருகில் வா” என்று வாய்திறவாமற் சொல்லும்.

ஆனால், காப்பாற்றும் இக்கருவியே கவனக்குறைவானவனைக் கொல்லவும் வல்லது. அது எவ்வாறு என்று பார்ப்போம்.

பதினைந்து சென்ரிமீற்றர் விட்டமும் 1.8 மீற்றர் நீளமும் உடைய மிதவை முற்றாக நிறைந்தால் ஏறத்தாழ 32 லீற்றர் காற்றைக் கொள்ளும். ஆக்கிமிடிசின் தத்துவப்படி அதன் மேலுதைப்பு முப்பது கிலோகிராமுக்கும் அதிகமான பாரத்தைத் தூக்கவல்லது. இனி, பத்து மீற்றர் ஆழத்திலே அமுக்கம் மேற்பரப்பில் உள்ளதைப்போல் இரு மடங்கு. அங்கே பாதி நிறைந்த மிதவை, போயிலின் விதிப்படி, மேற்பரப்பை அடையும்போது முழுவதும் நிறைந்துவிடும். அதாவது, எழ எழ அதன் பலமும் பெருகும். அதன் கயிறு சுழியோடியின் உடையிலோ கருவியிலோ சிக்கிக்கொண்டால், அவனும் அதனோடு மேலே இழுபடுவான்.

விரைவாக மேலெழுவதில் என்ன கேடு? மூச்சை அடக்கியிருந்தால் நெஞ்சிலுள்ள காற்றும் அம்மிதவையின் காற்றைப்போலவே விரிய முயன்று நுரையீரலைக் கிழித்துவிடும். மேலும், ஆழத்திலே குருதியிற் கரைந்த நைதரசன், திடீரெனத் திறந்த சோடாப் போத்தலிலே பொங்குவதுபோலக் குமிழிகளாகும். மூட்டுவலி தொடக்கம் உடல் மரத்துப்போதல் வரை அதனால் விளையும் துன்பங்கள் பல. ஆதலாற்றான் நிமிடத்துக்கு ஒன்பது மீற்றருக்கு மேற்படாமல் எழுவதும், ஐந்து மீற்றர் ஆழத்தில் மூன்று நிமிடம் தரித்து நிற்பதும் நல்ல வழக்கமாகக் கைக்கொள்ளப்படுகின்றன.

மிதவையை விடும் ஒழுங்கு இதுவே. முதலிலே, ஏறவோ இறங்கவோ செய்யாமல் நீரிலே சமநிலையில் நிற்கவேண்டும். துணைவனுக்குச் சைகை காட்டி, மேலே நோக்கவேண்டும். படகின் இயந்திர ஒலி கேட்கிறதா என்றும் செவிசாய்க்க வேண்டும். பின்பு மிதவையை விரித்து, கயிறு காற்றுக் குழாய்களிலோ துணைவனின் மேலோ சுற்றிக்கொள்ளவில்லை என்று பார்க்கவேண்டும். இருக்கும் ஆழத்தைவிடக் கயிறு நீளமானதாக இருத்தல் அவசியம்.

அடுத்து, மிதவையின் வாயைக் கீழ்நோக்கிப் பிடித்து, கையை நீட்டி, உடலிலிருந்து அதனைத் தள்ளி வைத்துக்கொண்டு காற்றை ஊட்டவேண்டும். தான் விடும் மூச்சின் குமிழிகளையே அதற்குட் செலுத்துவது ஒரு முறை. இதிலே ஒரு நுட்பமுண்டு. நெஞ்சிலிருந்த காற்றே மிதவைக்கு இடம் மாறுவதால் அக்கணத்திலே மொத்த மேலுதைப்புப் பெரிதும் மாறுவதில்லை. சிலிண்டரிலிருந்து மேலதிக வாய்க்குழாயால் நேரே ஊட்டினாலோ மேலுதைப்பு உடனே கூடிவிடும். எம்முறையாயினும் சிறிதளவே போதும். மீதியை ஆழம் குறைவதே நிறைத்துவிடும்.

மிதவை எழத் தொடங்கியதும் அதை விட்டுவிட்டு, உருளையைக் கையிலே தளர்வாகப் பிடித்துத் தடையின்றிச் சுழலவிட வேண்டும். மிதவை மேலே சேர்ந்தபின் கயிற்றின் தளர்ச்சியைச் சுற்றியெடுத்து, அதனை இறுக்கமாக வைத்துக்கொண்டே மெல்ல எழவேண்டும். கயிறு தொய்ந்தால் மேலே மிதவை சாய்ந்துவிடும். அப்போது அதனைக் காண்பது அரிது.

இவ்வளவுக்கும் மேலான விதி ஒன்று உண்டு. மிதவையை மேலே விடும்போது உருளையை உடலோடு ஒருபோதும் மாட்டிவைக்கக் கூடாது. சுழலும் உருளை இடையிலே சிக்கி மேலே இழுக்கத் தொடங்கினால், அக்கணமே கையை விட்டுவிட வேண்டும். உருளையோடு மிதவையும் போகட்டும்! பணங் கொடுத்தால் வேறொன்று வாங்கலாம். ‘ஐயோ, விலையுயர்ந்த பொருளாயிற்றே’ என்று பற்றிக்கொண்டிருப்பவன் தன் உயிரையே பணயம் வைக்கிறான். பொருளை இழக்கத் துணிவது இலகுவானதன்று. ஆதலால் இப்பழக்கத்தை ஆசிரியர் ஒருவரின் மேற்பார்வையில், முதலில் நீச்சற் தடாகத்திலே, கை தானாகவே செய்யும்வரை பயிலவேண்டும். இதைப் படித்த அளவில் கடலில் இறங்கலாமென நம் இளைஞர் எவரும் எண்ணிவிடக் கூடாது.

அன்று மைத்துனன் பிடித்த கயிற்றிலே இழுக்கும் கையும் காக்கும் மனமும் ஒருங்கே இருந்தன. இன்று சுழியோடி தன் கயிற்றைத் தானே பிடிக்கிறான். ஆகவே அந்த மைத்துனனின் கவலையும் விழிப்பும் அவனிடமே இருத்தல் வேண்டும். வீட்டிலே அவன் வரவைப் பார்த்திருப்பவர்கள் மிதவை திரும்பி வருகிறதா என்று கேட்கப்போவதில்லை; அவன் திரும்பி வருகிறானா என்றே கேட்பார்கள்.