ஒரு கார்ட்டூன், ஒரு முழு இணையதளம்

1987 மார்ச் 29 தேதியிட்ட ஆனந்த விகடன் அட்டையில் ஒரு ஜோக் வந்தது. மேடையில் இருக்கும் இருவரில் எம்.எல்.ஏ. யார், மந்திரி யார் என்று ஒருவர் கேட்கிறார். பிக்பாக்கெட் மாதிரி இருப்பவர் எம்.எல்.ஏ., முகமூடிக் கொள்ளைக்காரர் மாதிரி இருப்பவர் மந்திரி என்கிறார் பக்கத்தில் இருப்பவர். சட்டமன்றம் கொதித்தது. மன்னிப்புக் கேட்க மறுத்த ஆசிரியர் எஸ்.பாலசுப்ரமணியனுக்கு, சபாநாயகர் பி.எச்.பாண்டியன் மூன்று மாதக் கடுங்காவல் தண்டனை விதித்தார். நாடெங்கும் எதிர்ப்பு கிளம்ப, சில நாட்களிலேயே அவர் விடுதலையானார். அதோடு விடாமல் வழக்கு நடத்தி, 1994-ல் உயர் நீதிமன்றத்தில் வென்று, ஆயிரம் ரூபாய் இழப்பீடும் பெற்றார்.

ஆசிரியரைச் சிறையில் அடைக்க முடிந்தது. ஆனால் அந்த அட்டை அதற்குள் வீடுகளுக்கும் சலூன்களுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. அதை யாராலும் திரும்பப் பிடுங்க முடியவில்லை.

2025 பிப்ரவரியில் நடந்ததைப் பாருங்கள். அமெரிக்கா இந்தியர்களை விலங்கிட்டு ராணுவ விமானத்தில் திருப்பி அனுப்பிய நேரம். டிரம்ப் அருகே பிரதமர் மோடி கை கால் விலங்கோடு உட்கார்ந்திருப்பதாக விகடன் பிளஸ் இணைய இதழ் கார்ட்டூன் வெளியிட்டது. தமிழக பா.ஜ.க. புகார் கொடுத்தது. பிப்ரவரி 15 அன்று விகடன் இணையதளமே முடங்கியது. ஆட்சேபத்துக்கு உள்ளானது ஒரே ஒரு படம். அதோடு விவசாயம், மருத்துவம், சினிமா என்று அந்தத் தளத்தில் இருந்த அத்தனையும் வாசகருக்கு எட்டாமல் போயின. முன்கூட்டி நோட்டீஸ்கூட இல்லை. இதைவிட அநியாயமான தண்டனை பத்திரிகைக்கு வேறென்ன? மார்ச் 6 அன்று தடையை நீக்கச் சொன்ன சென்னை உயர் நீதிமன்றமும், அந்தப் படத்தைத் தற்காலிகமாக எடுத்துவிடுமாறு நிபந்தனை விதித்தது.

இன்னொரு நெருக்கடி பணம். கார்ட்டூனை மட்டும் வெட்டியெடுத்து வாட்ஸ்அப்பில் ஆயிரம் பேர் பகிர்கிறார்கள். வரைந்தவருக்கும் இதழுக்கும் ஒரு பைசா வருவதில்லை. பிரான்சில் 1915-ல் தொடங்கிய ‘லெ கனார் ஆன்ஷெனே’ என்ற நையாண்டி வார இதழ், விளம்பரமே வாங்காமல் வாசகர் தரும் காசில் நடக்கிறது. 2020-ல் ஊரடங்கு வந்த பிறகுதான் டிஜிட்டல் பதிப்பையே தொடங்கியது. விளம்பரதாரரின் தயவில் இல்லாததால்தான் அதனால் அமைச்சர்களின் ஊழலை அஞ்சாமல் எழுத முடிகிறது.

நீங்கள் ரசித்துப் பகிரும் கார்ட்டூன் எந்த இதழில் வந்தது என்று பாருங்கள். அந்த இதழுக்குச் சந்தா கட்டுங்கள்.